காதுக்குக் கதவு எதற்கு?

(இரண்டாமாண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் துறை)



வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதோடு விடாமல் கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். பள்ளிக்கூடம் போக முடியாதவனுக்கும் காது என்று ஒன்று இருக்கிறதே! எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த விவசாயம், கணக்கு, கதை, ஊர் நியாயம் எல்லாமே காது வழியாக வந்தவைதான். அந்தக் காதைப் பற்றியும், அதன் மேல் மாட்டுகிற ஹெட்போனைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லலாம் என்று இந்தக் கட்டுரை.

நம் விடுதியில் ஹெட்போன் பேச்சு வந்தால் தூக்கம் போய்விடும். "இது அந்தக் கம்பெனி, அது இந்தக் கம்பெனி", "இதோட பேஸ் நெஞ்சை இடிக்கும்", "அதோட விலையக் கேட்டா மயக்கமே வரும்" என்று இரவு பதினோரு மணி வரை விவாதம் ஓடும். விலை ஏற ஏற ஒலியும் ஏறும் என்பது ஒரு கட்சி. எல்லாம் விளம்பர மாயை என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரு கேள்வியை மறந்துவிடுகின்றன. எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம்? எத்தனை மணி நேரம்? எந்தக் காதால்?

ஓப்பன் பேக் என்றால் என்ன?

உயர்ந்த விலை ஹெட்போன்களில் பல 'ஓப்பன் பேக்' வகை. அதாவது காதை மூடும் கிண்ணத்தின் முதுகு அடைக்கப்பட்டிருக்காது. சல்லடை போல கம்பி வலை இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் டிரைவரே தெரியும்.

இதன் காரணம் எளிமையானது. டிரைவரில் இருக்கும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அதிர்கிறது. முன்பக்க ஒலி காதுக்கு வருகிறது. அதே அளவு ஒலி பின்பக்கமும் கிளம்புகிறதே, அது எங்கே போகும்? முதுகு மூடியிருந்தால் சுவரில் மோதித் திரும்பி வந்து முன் ஒலியோடு கலக்கும். காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசிப் பாருங்கள், அந்தக் குழப்பம் புரியும். முதுகு திறந்திருந்தால் பின் ஒலி வெளியே போய்விடும். உட்கார்ந்து கச்சேரி கேட்பது போல, ஒலி தலைக்குள் நெரியாமல் சற்றுத் தள்ளி விரிந்து கேட்கும். மூடிய அறையில் பேசுவதற்கும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆனால் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க வேண்டும். திண்ணையில் பேசினால் தெருவுக்கும் கேட்கும், தெருச் சத்தம் நமக்கும் கேட்கும். ஓப்பன் பேக்கும் அப்படியே. நாம் கேட்கும் பாட்டு பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும். பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டை நமக்குக் கேட்கும். ரொம்பக் கீழான பேஸும் மூடிய வகையில் இருப்பது போல இடிக்காது.

இது ஏதோ நேற்று வந்த பணக்காரச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஹானோவர் நகருக்கு அருகே வென்னபோஸ்டல் என்ற கிராமத்தில் 1945-இல் ஃப்ரிட்ஸ் சென்ஹைசர் என்ற பொறியாளர் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கினார். ஊரின் முதல் எழுத்தை வைத்து 'லேபர் டபிள்யூ' என்று பெயர். அவர்கள் முதலில் செய்து விற்றது ஹெட்போன் அல்ல, வோல்ட் மீட்டர்! நாம் லேபில் தினமும் தொடுகிற அதே சாதனம். அந்த நிறுவனம்தான் 1968-இல் எச்டி 414 என்ற ஓப்பன் ஹெட்போனைக் கொண்டுவந்தது. காதில் படும் இடத்தில் மஞ்சள் நிறப் பஞ்சு. அதுவரை காதை இறுக்கி மூடிய கனமான பெட்டிகளே ஹெட்போன் என்றிருந்த உலகம் மாறியது. 1979-இல் சோனி வாக்மேன் வந்தபோது அதோடு வந்ததும் பஞ்சு வைத்த, எடை குறைந்த திறந்த வகைதான். நம் மாமன்மார் அந்தக் காலத்தில் கழுத்தில் போட்டுக்கொண்டு பேருந்தில் வந்தார்களே, அந்தப் பஞ்சு ஹெட்போனும் இந்த வம்சம்தான். ஆக இது நமக்கு அந்நியம் இல்லை.

மூன்று ஹெட்போன், நான்கு தலை

நம் துறையில் படித்து இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் ஒரு சீனியர் அண்ணன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது மூன்று ஹெட்போன்களைக் கொண்டுவந்தார். ஒன்று சென்ஹைசர் எச்டி 600, 1997-இல் வெளிவந்த மாடல். இரண்டாவது பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, அதன் மூதாதை 1985-இல் வந்தது. மூன்றாவது அவருடைய நண்பரின் ஆடிஸி எல்சிடி-2. அது 'பிளானர்' வகை. வழக்கமான சுருள் கம்பிக்குப் பதிலாக மெல்லிய படலத்தின் மேலேயே மின்கடத்திக் கோடுகள் இருக்கும், அதைக் காந்தங்கள் அசைக்கும். மூன்றுமே ஓப்பன் பேக்.

ஆற்றங்கரைப் பக்கம் அண்ணன் வீட்டு மாடியில், ராத்திரி ஊர் அடங்கிய பிறகு, இரண்டு நாள் மாற்றி மாற்றிக் கேட்டோம். நான், கண்ணாடி போட்ட நண்பன், என் அக்கா, அண்ணன் ஆக நான்கு தலை. கேட்டது இளையராஜாவின் 1986-ஆம் வருட இசைத்தொகுப்பு 'ஹவ் டு நேம் இட்'. பாட்டே இல்லாத, வி.எஸ்.நரசிம்மனின் வயலின் நிறைந்த தொகுப்பு என்பதால் கருவிகளைப் பிரித்துக் கேட்க வசதி.

எச்டி 600 நடுவாந்தரமாகப் பேசும். வயலின் வயலினாகவே கேட்டது. எதையும் தூக்கிக் காட்டவில்லை, எதையும் அமுக்கவில்லை. டிடி 990-இன் சுபாவம் வேறு. மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் தூக்கலாக இருக்கும். வில் கம்பியில் உரசுவதுகூடத் தெரியும். கொஞ்ச நேரம் கேட்டால் பிரமிப்பு, ரொம்ப நேரம் கேட்டால் சிலருக்குக் கூர்மை அதிகம். பிளானரில் கீழ் ஸ்தாயி அடி மண்ணில் வேர் பிடித்த மாதிரி உறுதியாக நின்றது. ஒலிக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருந்தால் எங்கள் நாலு பேரில் மூன்று பேர் பிளானருக்கே போட்டிருப்போம்.

ஆனால் ஒலி மட்டுமா? எச்டி 600 கேபிள் இல்லாமல் சுமார் 260 கிராம். டிடி 990 ப்ரோ சுமார் 250 கிராம். பிளானரோ அரைக் கிலோவுக்கு மேல். சந்தையில் அரைக் கிலோ தக்காளி வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்! முதல் பாட்டில் எடை தெரியாது. ஐந்தாவது பாட்டில் கழுத்து சொல்லும். எச்டி 600 எடை குறைவு, ஆனால் புதிதில் பக்கவாட்டில் இறுக்கும், போகப் போகத் தளரும் என்பது அதை வைத்திருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது. இறுக்கினால் கண்ணாடியின் காம்பு பொட்டில் அழுந்தும் என்றான் நண்பன். வெல்வெட் போன்ற பஞ்சு உறை இரண்டிலும் மெத்தென்று இருந்தது. ரெக்சின் உறை போல வியர்வையில் ஒட்டவில்லை. சித்திரை வெயிலில் வேகும் நம் ஊருக்கு அது சின்ன விஷயமா?

என் அக்கா சொன்னது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. "தலை நெறையப் பூ வச்சிருந்தா பட்டை எங்க உக்காரும்? கம்மல் மேல கிண்ணம் அழுந்துதே, இதைச் செஞ்சவங்க வீட்டுல பொம்பளைங்களே இல்லையா?" என்று கேட்டாள். கிண்ணத்தின் உள் அளவு பெரிதாக இருந்தால்தான் கம்மல் போட்ட காது உள்ளே அடங்கும். ஆக, வசதி என்பது ஹெட்போனில் மட்டும் இல்லை, தலையிலும் இருக்கிறது. தலைக்குத் தலை மாறும். கடையில் போட்டுப் பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்குவது செருப்பைக் காலில் போடாமல் வாங்குவது மாதிரி.

இன்னும் மேலே போனால் 2016-இல் வந்த எச்டி 800 எஸ் இருக்கிறது. வெளிவந்தபோது சுமார் 1,700 டாலர் விலை, நம் பணத்தில் லட்சத்தைத் தாண்டும். விலை பல மடங்கு ஏறினால் ஒலியும் அத்தனை மடங்கு ஏறுமா? ஏறாது. முதல் சில ஆயிரங்களில் கிடைக்கிற முன்னேற்றம் பெரிசு. அதற்கு மேல் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். குலை வாழைக்கு முதல் மூட்டை உரம் போட்டால் வரும் பலன் பத்தாவது மூட்டைக்கு வருமா?

நம் பாடப் புத்தகம் என்ன சொல்கிறது?

எச்டி 600-இன் மின்தடை 300 ஓம். "பெரிய விலை ஹெட்போனை என் போனில் மாட்டினேன், சத்தமே வரலை, ஏமாத்திட்டாங்க" என்று சிலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலாமாண்டில் படித்த ஓம் விதியை எடுங்கள். 1 வோல்ட் கொடுத்தால் 300 ஓமில் ஓடும் மின்னோட்டம் 3.3 மில்லி ஆம்பியர், கிடைக்கும் திறன் 3.3 மில்லி வாட். அதே 1 வோல்ட்டை 32 ஓம் சாதாரண ஹெட்போனுக்குக் கொடுத்தால் 31 மில்லி வாட். பத்து மடங்கு வித்தியாசம்! ஆகவே அதிக ஓம் ஹெட்போனுக்கு அதிக வோல்ட் கொடுக்கும் சிறு ஆம்ப்ளிஃபையர் தேவை. அதற்கும் ஆயிரக்கணக்கில் அழ வேண்டியதில்லை. 5532 என்ற ஆப்-ஆம்ப் ஐ.சி., இரண்டு பேட்டரி, சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் இருந்தால் நம் லேபிலேயே செய்யலாம். நாம் டிப்ளமோ மாணவர்கள். விலைச் சீட்டைப் பார்த்து மலைப்பது நம் வேலை அல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

அமைதி யாருக்குச் சொந்தம்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாடியில் ராத்திரி அருமையாகக் கேட்ட அதே எச்டி 600, மறுநாள் பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. ஒரு பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-இல் காவிரிப் பாலத்தை நோக்கி ஓடும் லாரிகளின் ஏர் ஹாரன். இன்னொரு பக்கம் கோயில் நோம்பிக்குக் கட்டிய புனல் ஸ்பீக்கர். திறந்த முதுகு வழியாக எல்லாம் உள்ளே வந்தது. இயல்பாகக் கை எங்கே போகும்? வால்யூம் திருகுக்குத்தான். அங்கேதான் ஆபத்து.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. காதுப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. அதாவது 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தந்த அளவு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். சுற்றிலும் சத்தம் இருக்கும் இடத்தில் ஓப்பன் பேக்கை மாட்டி, அந்தச் சத்தத்தை ஜெயிக்க வால்யூம் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் நொடியில் காலி.

ஆகவே ஓப்பன் பேக் ஹெட்போனின் உண்மையான விலை அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் விலை அல்ல. அதோடு ஒரு அமைதியான அறையின் விலையையும் சேர்க்க வேண்டும். அந்த அறைதான் நம்மில் பலருக்கு இல்லை.

அப்பாவின் காது

என் அப்பா பதினான்கு வருஷம் போர்வெல் வண்டியில் வேலை செய்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பி ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார். கம்ப்ரசர் பக்கத்திலேயே நிற்பு, சாப்பாடு, சில நாள் தூக்கமும். காதுக்கு ஒரு பஞ்சுகூடக் கிடையாது. இப்போது ஊரோடு வந்து வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகிறார். நாம் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார். டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

ஹெட்போன் விலையை அவரிடம் சொன்னபோது இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். "அத்தன காசு குடுத்தா சத்தத்த வாங்கறாங்க? நாங்க ஓசியிலயே கேட்டமே கண்ணு!"

எச்டி 600-ஐ அவர் தலையிலும் மாட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "தாளம் கேக்குது. அதுக்கு மேல ஒண்ணையுங் காணமே சாமி" என்றார். வயலின் அப்போது உச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தது.

இதற்கு விஞ்ஞான விளக்கம் உண்டு. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் ஒலியை நரம்புக்குச் சொல்கின்றன. பெருஞ்சத்தம் அவற்றைச் சாய்த்துவிடும். செத்தவை மறுபடி முளைக்காது. சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதலில் தொடங்கும். வயலினின் மினுக்கு, 'ச', 'ஸ' எழுத்துகளின் ஒலி, குழந்தைகளின் குரலில் உள்ள தெளிவு எல்லாம் அந்தப் பக்கம்தான். லட்ச ரூபாய் ஹெட்போனாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

அப்பாவுக்கு இப்போது காதுக் கருவி இருக்கிறது. முதலில் காதை முழுக்க அடைக்கும் அச்சு வைத்தார்கள். "குடத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குது" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். பிறகு அந்த அச்சில் ஒரு சிறு துளை போட்டுக் கொடுத்தார்கள். அடைப்பு உணர்வு குறைந்தது, இப்போது போட்டுக்கொள்கிறார். பார்த்தீர்களா? ஹெட்போனில் முதுகைத் திறந்த அதே தத்துவம்! அடைத்தால் ஒலி நெரியும், திறந்தால் மூச்சு விடும். இன்னொரு செய்தியும் சொல்கிறேன். சென்ஹைசரின் நுகர்வோர் ஹெட்போன் பிரிவை 2021-இல் வாங்க ஒப்பந்தம் போட்டது சோனோவா என்ற சுவிட்சர்லாந்து நிறுவனம். அதன் பழைய தொழில் காதுக் கருவி. காது நன்றாக இருப்பவனுக்குச் செய்வதும், காது போனவனுக்குச் செய்வதும் ஒரே கலைதான் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

"சோத்துக்கே திண்டாட்டம், இதுல ஹெட்போனா?"

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். நானும் யாரையும் கடன் வாங்கி ஹெட்போன் வாங்கச் சொல்லவில்லை. ஆனால் நல்ல ஒலி பணக்காரன் சமாச்சாரம் என்று ஒதுங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாளைக்கு நாம்தான் ஸ்பீக்கர் சோதிக்கப் போகிறோம், செல்போன் அசெம்ப்ளியில் நிற்கப் போகிறோம், காதுக் கருவி ரிப்பேர் செய்யப் போகிறோம். நல்ல ஒலி எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது கேட்காதவன் கெட்ட ஒலியை எப்படிக் கண்டுபிடிப்பான்? வெர்னியர் காலிப்பரைத் தொடாமல் மெக்கானிக்கல் படிக்க முடியுமா?

என் தீர்ப்பு இதுதான். தனியாக வாங்குவதானால், விடுதியிலும் பஸ்ஸிலும் கேட்கிறவனுக்கு ஓப்பன் பேக் வேண்டாம், வெளிச் சத்தத்தைத் தடுக்கும் மூடிய வகை போதும், அதையும் குறைந்த வால்யூமில். அமைதியான இடம் இருப்பவனுக்கு 250, 260 கிராம் எடையில், பஞ்சும் கேபிளும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய ஓப்பன் பேக் ஒன்று பல வருஷத்துக்குக் காணும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் ஆசைக்கு, காதுக்கு அல்ல.

மாணவர் மன்றத்துக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, மன்ற நிதியில் நல்ல ஓப்பன் பேக் ஹெட்போன் ஒன்று வாங்கி, நூலகத்தின் பின் மூலையில் ஓர் அமைதியான கேட்கும் இடம் அமைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபையரை எங்கள் துறை இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்து தருவோம். இரண்டு, ஆண்டுக்கு ஒரு முறை கண் முகாம் போல காதுப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். மூன்று, நாமக்கல் லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கும் மற்றத் தொழிற்சாலைகளுக்கும் பயிற்சிக்குப் போகும் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஜோடி காதடைப்பான் கொடுத்து அனுப்ப வேண்டும். ஒரு ஹெட்போன் விலையில் நம் பாலிடெக்னிக் முழுவதற்கும் காதடைப்பான் வாங்கலாம்!

தோழர்களே, காதுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதை மூடிக்கொள்ள முடியாது. இயற்கை அதைத் திறந்தே வைத்திருக்கிறது. பாட்டுக் கேட்கும்போது அந்தத் திறந்த வாசலை அனுபவிப்போம். பட்டறைக்குள் போகும்போது மட்டும் மறக்காமல் அதற்கு ஒரு கதவு போட்டுக்கொள்வோம்.